பழவேற்காடு முதல் மலாக்கா வரை: ஆர்மீனிய விடுதலை இயக்கத்தின் சோழமண்டலத் தொடக்கம்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஏரியும் கடலும் முகத்துவாரத்தில் கலக்குமிடத்தில் அமைந்துள்ள பழவேற்காடு, இன்று இறாலுக்கும் நண்டுக்கும் பேர்பெற்ற மீனவக் குப்பங்களின் தொகுதியாகவே அறியப்படுகிறது. ஆனால் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது விஜயநகரப் பேரரசின் கிழக்குக்கரைத் துறைமுகங்களுள் முதன்மையான ஒன்றாக விளங்கியது. சாயவேர் எனப்படும் இம்பூறல் வேரிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம் ஏற்றிய துணிகள் அங்கிருந்து மலாக்காவுக்கும் பர்மாவின் பெகுவுக்கும் சென்றன. திரும்பி வந்த கப்பல்கள் மிளகும் சாதிக்காயும் வாசனைக் கட்டைகளும் கொண்டு வந்தன. பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியாத இந்தக் கடற்கரையில், கடலில் நங்கூரமிட்ட கப்பலுக்கும் மணற்கரைக்கும் இடையே சரக்கைச் சுமந்தவை மீனவர்களின் தோணிகளும், ஆணி எதுவுமின்றிப் பலகைகளைத் துளையிட்டுத் தென்னைநார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளுமே. ஆணியடித்த படகு அலையில் மோதிப் பிளந்துவிடும். தைத்த படகோ அலைக்கு வளைந்து கொடுக்கும். உலக வணிகத்தின் கணக்கேடுகளில் இந்தப் படகோட்டிகளின் பெயர்கள் இடம்பெறவில்லை என்றாலும், இக்கரையில் இறங்கிய ஒவ்வொரு வணிகரும் அவர்கள் கையை நம்பியே கரையேறினர்.

அவ்வாறு இறங்கியோருள் ஆர்மீனியரும் இருந்தனர். 1517ஆம் ஆண்டு மலாக்காவிலிருந்து வந்த தியோகோ பெர்னாண்டஸ், பஸ்தியாவோ பெர்னாண்டஸ் என்னும் போர்ச்சுகீசியர் பழவேற்காட்டில் இறங்கியபோது, கோஜா இஸ்கந்தர் என்னும் ஆர்மீனியர் அவர்களை மயிலாப்பூருக்கு வரும்படி அழைத்து, அங்கே புனித தோமையாரின் கல்லறை எனப் போற்றப்பட்ட இடத்தைக் காட்டினார் என்பது 1533இல் போர்ச்சுகீசிய அரசு நடத்திய விசாரணையில் பதிவான செய்தியாகும். கோஜா என்பது செல்வமும் மதிப்பும் உடைய வணிகருக்குப் பாரசீக உலகில் வழங்கிய பட்டம். சாந்தோம் என்ற போர்ச்சுகீசியக் குடியேற்றத்தின் முன்கதை பழவேற்காட்டுத் துறையில், ஓர் ஆர்மீனியரின் வழிகாட்டுதலில் தொடங்குகிறது என்பதை மயிலாப்பூரின் வரலாற்றை எழுதுவோர் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். இக்கரையை ஆர்மீனியர் போர்ச்சுகீசியருக்கு முன்பே அறிந்திருந்தனர் என்பதுதான் அந்த ஒரு வரியின் பொருள்.

இந்த ஆர்மீனியர் யார் என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட மலைநாட்டைத் தாயகமாகக் கொண்ட அம்மக்கள், 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறித்தவத்தை அரச சமயமாக ஏற்றவர்கள். 5ஆம் நூற்றாண்டில் தமக்கெனத் தனி எழுத்தை அமைத்துக்கொண்டவர்கள். 1375இல் சிலிசியாவில் இருந்த கடைசி ஆர்மீனிய அரசும் வீழ்ந்த பிறகு அவர்களுக்கு நாடென்று ஒன்று இல்லாமற் போயிற்று. நிலம் ஒட்டோமான் துருக்கிக்கும் பாரசீகத்துக்கும் இடையே பங்கிடப்பட்டது. எச்மியாட்ஜின் நகரில் இருந்த திருச்சபைத் தலைமை மட்டுமே இனம் முழுவதற்கும் பொதுவான நிறுவனமாக எஞ்சியது. 1604ஆம் ஆண்டில் பாரசீகப் பேரரசர் ஷா அப்பாஸ், துருக்கியருடனான போரின்போது அராஸ் ஆற்றங்கரையிலிருந்த ஜுல்ஃபா நகர ஆர்மீனியரை வேரோடு பெயர்த்து, தம் தலைநகராகிய இஸ்பஹானுக்கு அருகே குடியேற்றினார். புதிய ஜுல்ஃபா எனப் பெயர்பெற்ற அந்தப் புறநகரிலிருந்துதான் ஆம்ஸ்டர்டாம் முதல் மணிலா வரை விரிந்த வணிக வலை பின்னப்பட்டது. முதலாளி ஜுல்ஃபாவிலேயே இருப்பார். அவரிடம் பொருள் பெற்ற முகவர் ஊர் ஊராகச் சென்று ஆண்டுக்கணக்கில் வணிகம் செய்து, திரும்பியதும் கணக்கு ஒப்படைத்து ஆதாயத்தில் பங்கு பெறுவார். நாணயம் தவறிய முகவரின் பெயர் கடிதங்கள் வழியே எல்லா ஊர்களுக்கும் பரவிவிடும் என்பதால், அரசோ படையோ இல்லாமலே அந்த ஒழுங்கு நிலைத்தது. பின்னாளில் அச்சுக்கூடத்தையும் அரசியலையும் தாங்கி நின்ற கடிதத் தொடர்பு இதுவேயாகும்.

டச்சுக்காரர் 1610இல் பழவேற்காட்டில் வணிக உரிமை பெற்று, 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியதும் அத்துறைமுகத்தின் தன்மை மாறியது. சோழமண்டலக் கரையிலுள்ள டச்சுக் குடியேற்றங்கள் அனைத்துக்கும் அது 1690 வரை தலைமையிடமாக இருந்தது. துணி வணிகத்தோடு வெடிமருந்து உற்பத்தியும், பஞ்சக் காலங்களில் விலைக்கு வாங்கிய மனிதர்களைப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாக ஏற்றியனுப்பும் கொடுந்தொழிலும் அங்கிருந்து நடந்தன. டச்சு நிறுவனம் தனக்குப் போட்டியாகத் தனி வணிகர் கடலோடுவதை விரும்பவில்லை. இந்நிலையில், 1639இல் பழவேற்காட்டுக்குத் தெற்கே ஆங்கிலேயர் தொடங்கிய மதராசப்பட்டினம், பல இன வணிகரையும் வரவழைக்க முற்பட்டதால், ஆர்மீனியரின் கவனம் மெல்ல அங்குத் திரும்பியது. 1688இல் இலண்டனில் கோஜா பானோஸ் கலந்தர் என்னும் ஜுல்ஃபா வணிகர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியுடன் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆர்மீனியர் ஆங்கிலேயருக்கு நிகரான வணிக உரிமையுடன் கம்பெனியின் ஊர்களில் வாழலாம் என்றும், நாற்பது பேருக்குக் குறையாமல் எங்கு குடியேறினாலும் அங்கே அவர்களுக்குத் தேவாலயம் கட்டித்தரப்படும் என்றும் உறுதியளித்தது. நாடில்லாத ஓரினம் உலகின் வலிமை மிக்க வணிக நிறுவனத்தோடு எதிரெதிர் அமர்ந்து கையெழுத்திட்ட அந்த ஆவணம், ஒப்பந்தம் என்ற கருத்தின் மீது ஜுல்ஃபா வணிகர் கொண்டிருந்த பெருநம்பிக்கையைக் காட்டுகிறது.

அந்த நம்பிக்கை சென்னையில் உடைந்தது. கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்பவரின் வாழ்க்கையில் இதைத் தெளிவாகக் காணலாம். பரங்கிமலைக்கு ஏறும் கற்படிகளை அமைத்தவரும், 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது மர்மலாங் பாலத்தைத் தம் சொந்தச் செலவில் கட்டியவரும் அவரே. அந்தப் பாலத்தின் இடத்தில்தான் இன்றைய மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, தம் பக்கம் வருமாறு அவர்கள் விடுத்த அழைப்பை உஸ்கான் மறுத்தார். அவருடைய உடைமைகள் பறிபோயின. 1749இல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியபின் அவர்கள் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, கத்தோலிக்கரையும் ஆர்மீனியரையும் நம்பத்தகாதவர்கள் எனக் கருதி, ஐரோப்பியர் வாழ்ந்த வெள்ளை நகரத்திலிருந்து வெளியேற்றியதாகும். உஸ்கானுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அவர் 1751இல் மறைந்தார்; உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டு, இதயம் மட்டும் ஜுல்ஃபாவுக்கு அனுப்பப்பட்டது. அந்த ஜுல்ஃபாவும் அப்போது நொறுங்கிக் கிடந்தது. நாதிர் ஷா தம் ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் விதித்த கொடிய வரிகளும் சித்திரவதைகளும் அங்கிருந்த வணிகக் குடும்பங்களை ஓட்டாண்டிகளாக்கின. தப்பியவர்கள் இந்தியாவுக்கும் உருசியாவுக்கும் ஓடினர்.

ஆகவே 1750களில் சென்னையிலிருந்த ஆர்மீனிய வணிகர் ஒருவர் எண்ணிப் பார்க்கையில், பாரசீக மன்னரின் தயவும் கம்பெனியின் கையெழுத்தும் ஒருசேரப் பொய்த்துப்போயிருந்தன. செல்வத்தைக் காக்கச் சட்டம் வேண்டும், சட்டத்தைக் காக்கச் சொந்த நாடு வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது ஏதோ நூல்களைப் படித்ததால் மட்டும் அன்று. கணக்கேட்டில் எழுதப்பட்ட நட்டமே அதற்கு முதற் காரணம். ஆர்மீனிய விடுதலை இயக்கத்தின் அரசியல் கொள்கை தாயகத்தின் மலைகளில் உருப்பெறாமல் சோழமண்டல மணற்கரையில் உருப்பெற்றதன் மருமம் இதுதான்.

இதற்கு முன் முயற்சிகளே இல்லை என்பதன்று. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஸ்ரேல் ஓரி என்பவர் ஐரோப்பிய அரண்மனைகளைச் சுற்றிவந்து, பின்னர் உருசியப் பேரரசர் முதலாம் பீட்டரிடம் படையுதவி வேண்டினார்; 1720களில் தாவித் பெக் தெற்கே சியுனிக் மலைநாட்டில் ஆயுதமேந்திச் சில ஆண்டுகள் தன்னாட்சி நடத்தினார். இவ்விரண்டிலும் அரசனை வரவழைப்பது அல்லது அரசனாவது என்பதே இலக்கு. மூன்றாவதாக வந்த ஹோவ்செப் எமின் வேறு வகையினர். 1726இல் பாரசீகத்தின் ஹமதானில் பிறந்து, கல்கத்தாவில் வணிகரான தந்தையிடம் வளர்ந்த அவர், ஐரோப்பியரின் போர்க்கலையைக் கற்றுத் தம் மக்களை விடுவிக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்துடன் 1751இல் கப்பல் தொழிலாளியாக இலண்டனுக்குச் சென்று, மூட்டை சுமந்து வயிறு வளர்த்து, எட்மண்ட் பர்க்கின் நட்பாலும் பிரபுக்கள் சிலரின் ஆதரவாலும் வுல்விச் படைப்பள்ளியில் பயின்று, ஜெர்மானியப் போர்க்களத்திலும் பணியாற்றினார். பின்னர் எச்மியாட்ஜினுக்கும் உருசியாவுக்கும், அங்கிருந்து ஜார்ஜிய மன்னர் இரண்டாம் எரெக்லேயின் அவைக்கும் சென்று, ஆர்மீனியரும் ஜார்ஜியரும் சேர்ந்து எழ வேண்டும் என்று வாதாடினார். அவர் மீது ஐயங்கொண்ட மன்னர் அவரை நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார். 1770இல் இந்தியா திரும்பிய எமின், பொருளுதவி தேடிச் சென்னை வணிகரையும் நாடினார். அவர்கள் கொடுக்க மனமிருந்தும், திருச்சபையின் எதிர்ப்பால் அது கைகூடவில்லை. அவரது தன்வரலாறு 1792இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அவர் 1809இல் கல்கத்தாவில் இறந்தார். எமினின் தோழர்களுள் ஒருவரான மோவ்சேஸ் பக்ராமியன் சென்னையில் ஒரு வணிகரின் வீட்டில் ஆசிரியராக அமர்ந்ததுதான் எமினுடைய அலைச்சலால் விளைந்த பெரும்பயன்.

அந்த வணிகர் ஷஹாமிர் ஷஹாமிரியன். 1723இல் புதிய ஜுல்ஃபாவில் பிறந்து சென்னையில் பெருஞ்செல்வராக உயர்ந்த அவர், தம் மகன் ஹகோபையும் பக்ராமியனையும் துணையாகக் கொண்டு 1770களின் தொடக்கத்தில் ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். தமிழகத்தில் அச்சு அப்போது புதிதன்று. தரங்கம்பாடியில் தமிழ் அச்சு 1713 முதலே இயங்கிவந்தது, வேப்பேரியிலும் அச்சுக்கூடம் இருந்தது. ஆனால் இவையெல்லாம் சமயப் பரப்புரைக்கென அமைந்தவை. அரசியல் கருத்தைப் பரப்புவதையே முதல் நோக்கமாகக் கொண்டு இந்நாட்டில் அமைக்கப்பட்ட தொடக்ககால அச்சுக்கூடங்களுள் ஷஹாமிரியனுடையதை முன்வரிசையில் வைக்க வேண்டும்.

1772இல் அங்கிருந்து வெளிவந்த ‘நோர் தெத்ராக்’, அதாவது அறிவுறுத்தல் என்னும் புதிய சிறுநூல், ஆர்மீனிய இளைஞரை நோக்கி எழுதப்பட்டது. அதை எழுதியவர் பக்ராமியன் என்பது பொதுவான கருத்து. நாட்டின் புவியியலையும் பழைய வரலாற்றையும் கூறிய பின், இத்தனை பெருமையுடைய இனம் ஏன் அடிமைப்பட்டது என்று அந்நூல் கேட்கிறது. அயலாரின் கொடுமையையே காரணமாகச் சொல்லிவந்த மரபான புலம்பலுக்கு மாறாக, வரம்பில்லா அதிகாரம் கொண்ட சொந்த மன்னர்களும், மக்களின் அறியாமையும் சோம்பலும், ஒற்றுமையின்மையுமே காரணங்கள் என அது விடையளிக்கிறது. பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனையே அடிமைநிலை என்று குருமார் போதித்துவந்த காலத்தில், அதை மனிதரின் பிழையாக்கி, எனவே மனிதராலேயே திருத்தக்கூடியதாக்கியதுதான் இந்நூல் செய்த புரட்சி. வாளேந்த வேண்டும் என்று அது வெளிப்படையாகவே கூறியது.

நூலின் படிகள் எச்மியாட்ஜினை எட்டியதும், ஆர்மீனியத் திருச்சபையின் தலைமைக் குருவாகிய, கத்தோலிக்கோஸ் எனப்படும் பொறுப்பில் இருந்த சிமியோன் எரெவான்ட்சி கடுஞ்சினங் கொண்டார். அச்சுக்கூடத்தை மூட வேண்டும், படிகளைத் திரட்டி எரிக்க வேண்டும், பக்ராமியனைச் சபையிலிருந்து விலக்க வேண்டும் என்று அவர் சென்னைக்கு எழுதினார். அவரை வெறும் பிற்போக்காளர் என ஒதுக்குவது எளிது, நியாயமாகாது. எச்மியாட்ஜின் பாரசீகத்துக்கு உட்பட்ட எரெவான் கானின் ஆளுகையில் இருந்தது. சென்னையில் கம்பெனியின் பீரங்கிகளுக்குப் பின்னால் இருந்துகொண்டு எவரும் கிளர்ச்சி நூல் எழுதலாம். அதன் விலையை உயிரால் கொடுக்க வேண்டியவர்கள் தாயகத்து உழவரும் துறவியருமே என்பது அவர் கணக்கு. புலம்பெயர்ந்தோர் நடத்தும் விடுதலை இயக்கம் எதுவும் தப்பமுடியாத கேள்வியை அவர் எழுப்பினார், சென்னைக் குழுவினரிடம் அதற்கு முழுமையான விடை இருக்கவில்லை. இதில் ஒரு விந்தையும் உண்டு. சிமியோன் 1771இல் எச்மியாட்ஜினில் தொடங்கிய அச்சுக்கூடமும், பின்னர் அங்கு அமைந்த காகித ஆலையும் சென்னையைச் சேர்ந்த கிரிகோர் கோஜாஜானியன் என்னும் வணிகரின் பொருளுதவியால் உருவானவை. விடுதலைக் கட்சிக்கும் அதை எதிர்த்த திருச்சபைக்கும் சோழமண்டலத் துணி வணிகத்தின் ஆதாயமே அச்சு மை வாங்கித் தந்தது.

சென்னை அச்சுக்கூடத்தின் தலைசிறந்த வெளியீடு ‘வொரொகாய்த் பாரத்ஸ்’. புகழின் கண்ணி என்று பொருள்படும். தலைப்புப் பக்கத்தில் 1773 என்ற ஆண்டும் ஹகோபின் பெயரும் உள்ளன என்றாலும், முழுநூல் 1780களின் இறுதியில்தான் அச்சேறியது என்றும் தந்தை ஷஹாமிரின் கை அதில் பெரிதும் உண்டு என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், பிலடெல்பியாவில் அமெரிக்க அரசமைப்பு வரையப்பட்ட அதே காலப்பகுதியில், சென்னையின் ஒரு வணிகர் இல்லத்தில் இன்னொரு குடியரசுக்கான அரசமைப்பும் எழுத்துக் கோக்கப்பட்டுக்கொண்டிருந்தது எனலாம். நூலின் முற்பகுதி தனிமனிதன் ஒருவனின் விருப்பத்துக்கு உட்பட்ட ஆட்சி ஏன் அழிவைத் தரும் என்று வாதிடுகிறது. பிற்பகுதி 521 விதிகளாக வருங்கால ஆர்மீனியாவின் சட்டத்தை வகுக்கிறது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பேராளர்களைக் கொண்ட ‘ஆர்மீனிய இல்லம்’ என்னும் நாடாளுமன்றமே நாட்டின் உயர் அதிகாரம். ஆட்சித் தலைவரும் அதற்குக் கட்டுப்பட்டவர். மனிதர் எவரும், எந்த இனத்தவராயினும், பிறப்பால் சமமானவர், உரிமை உடையவர். சிறுவருக்கும் சிறுமியருக்கும் கல்வி கட்டாயம். உயர் பதவிகள் மட்டும் ஆர்மீனியத் திருச்சபையைச் சேர்ந்தோருக்கே என்ற குறுகிய விதியும் அதில் இருந்தது. அக்காலத்து இங்கிலாந்தும் அப்படித்தான் இருந்தது. மனிதரை விலைக்கு வாங்கி ஏற்றியனுப்பிய துறைமுகங்களைக் கொண்ட இதே கரையில் அமர்ந்து, எல்லா மனிதரும் உரிமையுடன் பிறந்தவர் என்று ஒரு வணிகக் குடும்பம் எழுதியது சிறிய செயலன்று. ஆயினும் தம்மைச் சூழ வாழ்ந்த தமிழரைப் பற்றியோ, அவர்கள் மீது வளர்ந்துவந்த கம்பெனியின் ஆட்சியைப் பற்றியோ அவர்கள் அதே அளவுகோலால் எண்ணிப்பார்த்தார்களா என்ற கேள்வியையும் வாசகர் தவிர்க்க முடியாது. அந்த ஆட்சியின் நிழலில் நின்றே அவர்கள் அவ்விதிகளை எழுதினர்.

எழுதிய சட்டத்தால் ஒரு சமூகம் தன்னைத் தானே ஆளலாம் என்ற எண்ணத்தை அவர்கள் ஏட்டில் மட்டும் வைத்திருக்கவில்லை. 1783இல் அவர்கள் வெளியிட்ட ‘நிஷாவாக்’ என்னும் விதித்தொகுப்பு, சென்னை ஆர்மீனியச் சமூகத்தின் பொது நிதியையும் வழக்குகளையும் பொறுப்பாளர் தேர்வையும் ஒழுங்குபடுத்த முற்பட்டது. வரவிருக்கும் நாட்டுக்கு அது ஒரு முன்னோட்டம். அரசின் துணையின்றி ஊரே ஆளும் முறை இக்கரைக்கு அயலானதும் அன்று. பழவேற்காட்டு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய குப்பங்களின் மீனவர் பின்பற்றும் ‘பாடு’ என்னும் முறையில், தலைக்கட்டு எனப்படும் உரிமைபெற்ற குடும்பத்தார் எவர், எந்த நாளில், ஏரியின் எந்தப் பகுதியில் வலையிறக்கலாம் என்பதை ஊர்க்கூட்டமே முறை வைத்துத் தீர்மானிக்கிறது. மீறுவோரை ஊரே தண்டிக்கிறது. ஒன்று அச்சில் ஏறியது, மற்றொன்று வாய்மொழியில் நின்றது. இரண்டுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் தன்னாட்சி என்பது ஐரோப்பிய நூல்களிலிருந்து மட்டுமே கீழைநாடுகளுக்கு வந்தது என்று எழுதுவோர், ஜுல்ஃபா வணிகரின் ஊரவையையும் கடற்கரைக் குப்பங்களின் பஞ்சாயத்தையும் ஒருசேரப் பார்ப்பது நல்லது.

ஹகோப் தம் நூல் முழுமையடைவதைக் காணவில்லை. வணிகத்தின் பொருட்டு மலாக்காவுக்குச் சென்றிருந்த அவர், 1774 ஜூலை 7 அன்று தம் 29ஆம் வயதில் அங்கே இறந்தார். பழவேற்காட்டைப் போலவே அப்போது டச்சுக்காரர் வசமிருந்த அந்நகரில், சென்னைக்கரைத் துணி நூற்றாண்டுகளாகச் சென்ற அதே கடல்வழியின் மறுமுனையில், ஆர்மீனிய எழுத்துகள் பொறித்த அவரது கல்லறைக் கல் மலாக்காவின் கிறிஸ்து ஆலயத்தில் இன்றும் உள்ளது. கல்லறைக் கற்கள் வழக்கமாக இறந்தவரின் ஆன்ம அமைதிக்கு வேண்டுதல் கேட்கும். இந்தக் கல் வேறொன்றைக் கேட்கிறது. தன்னைப் படிப்பவர், தன் மக்கள் விடுதலை பெற்றனரா, அவர்களைக் காக்க நல்ல தலைவர் எவரேனும் எழுந்தாரா என்ற செய்தியைத் தனக்குச் சொல்ல வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். 1824ஆம் ஆண்டு ஆங்கில–டச்சு உடன்படிக்கையின்படி மலாக்காவும் பழவேற்காடும் ஒரே ஆவணத்தின் வழியே ஆங்கிலேயர் கைக்கு மாறின.

மகனை இழந்த ஷஹாமிர் ஓயவில்லை. அரசமைப்பை நடைமுறைப்படுத்த நிலம் வேண்டும். நிலம் கிடைக்கப் படையுள்ள அரசர் துணை வேண்டும். எனவே அவர் ஜார்ஜிய மன்னர் எரெக்லேயுடன் கடிதத் தொடர்பு கொண்டு, பொருளும் பரிசுகளும் அனுப்பினார். மன்னர் அவருக்கு இளவரசர் பட்டமும் லோரி பகுதியில் நிலமும் வழங்கினார். உருசியாவிலிருந்த ஆர்மீனியப் பேராயர் ஹோவ்செப் அர்குத்தியனுடனும் சென்னைக் குழு எழுதி வந்தது. உருசியப் பாதுகாப்பின்கீழ் ஓர் ஆர்மீனிய அரசை மீட்டெடுக்கும் திட்டங்கள் பேரரசி இரண்டாம் காதரீனின் அரசவையில் பேசப்பட்டன. 1783இல் ஜார்ஜியா உருசியாவின் பாதுகாப்பை ஏற்று ஜியார்ஜியெவ்ஸ்க் உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது நம்பிக்கை உச்சத்தை எட்டியது. ஆனால் 1795இல் பாரசீகத்தின் ஆகா முகமது கான் ஜார்ஜியாவின் திபிலிசி நகரைத் தாக்கிச் சூறையாடியபோது உருசியப் படை உதவிக்கு வந்து சேரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஷஹாமிர் சென்னையில் மறைந்தார். மன்னராட்சியின் தீமையைப் பற்றி அத்தனை விதிகள் எழுதிய குழு, கடைசியில் இரண்டு முடிமன்னர்களின் தயவையே நம்ப நேர்ந்தது அவ்வியக்கத்தின் உள்முரண். நாடற்றோருக்கு வேறு வழியும் இருக்கவில்லை.

அச்சின் பணி மட்டும் தொடர்ந்தது. ஷிராஸ் நகரில் பிறந்து, தம் பிள்ளைகள் இருவரையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்தபின் துறவு மனத்துடன் தனிமையில் வாழ்ந்து, பின்னர் சென்னை ஆர்மீனியத் தேவாலயத்தின் குருவாக வந்த ஹாரூத்யூன் ஷ்மாவோனியன், 1794 அக்டோபரில் ‘அஸ்தரார்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். உலகில் ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் அது. பதினெட்டு இதழ்களுடன் 1796இல் நின்றுவிட்டாலும், தாயகச் செய்திகளையும் வணிகத் தகவல்களையும் கப்பல் வரவுகளையும் வாசகர் கடிதங்களையும் ஒரே தாளில் சேர்த்துத் தந்ததன் வழியே, சிதறிக் கிடந்த வணிகரை ஒரே செய்தியைப் படிக்கும் மக்களாக அது ஆக்கிற்று. தமிழின் முதல் இதழாகப் பொதுவாகச் சுட்டப்படும் ‘தமிழ் மேகசின்’ அதே நகரில் வெளிவந்தது 1831இல்தான் என்பதை நோக்க, ஆர்மீனியர் எத்தனை முந்திக்கொண்டனர் என்பது விளங்கும். ஷ்மாவோனியன் 1824இல் இறந்து, சென்னை ஜார்ஜ் டவுனின் ஆர்மீனியன் தெருவில், 1712இல் முதலில் எழுப்பப்பட்டு 1772இல் மறுபடி கட்டப்பட்ட புனித மரியாள் ஆலய வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இதன்பின் இயக்கத்தின் களம் வடக்கே நகர்ந்தது. 1828இல் துர்க்மென்சாய் உடன்படிக்கையால் கிழக்கு ஆர்மீனியா உருசியாவின் கைக்குச் சென்றது. ஒட்டோமான் ஆட்சியில் எஞ்சிய மேற்குப் பகுதியின் அவலம், வான் நகரில் 1885இல் ஆர்மெனகான் கட்சியையும், ஜெனீவாவில் 1887இல் ஹிஞ்சாக் கட்சியையும், திபிலிசியில் 1890இல் தாஷ்நாக் என்னும் புரட்சிக் கூட்டமைப்பையும் பிறப்பித்தது. 1915இல் தொடங்கிய இனப்படுகொலை மேற்கு ஆர்மீனியாவையே இல்லாமற் செய்தது. 1918 மே 28 அன்று உருவான முதல் குடியரசு இரண்டரை ஆண்டுகளே நீடித்தது; எனினும் 1919இல் நடந்த அதன் நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களித்தனர், மூன்று பெண்கள் உறுப்பினராயினர். 1991இல் மீண்டும் விடுதலை வந்தது. ஹகோபின் கல் கேட்ட கேள்விக்கு அந்த ஆண்டுதான் நிலையான விடை கிடைத்தது.

பழவேற்காட்டுக்குச் செல்வோர் இன்று டச்சுக் கல்லறைத் தோட்டத்தையும் படகுத்துறையையும் கண்டு திரும்புகின்றனர். தொல்லியல் துறை காத்துவரும் அக்கல்லறைகள் அவ்வூரின் ஒரு நூற்றாண்டையே சொல்கின்றன. கோஜா இஸ்கந்தரின் வருகையும், மலாக்காவோடு இருந்த துணி வணிகமும், சென்னை அச்சுக்கூடமும் ஒரே கடல்வழியின் வரலாறாக எழுதப்பட வேண்டியவை. அதற்கு டச்சு, போர்ச்சுகீசிய ஆவணங்களுடன் சென்னையில் அச்சான ஆர்மீனிய நூல்களையும் படிக்கவல்ல தமிழ் ஆய்வாளர்கள் வேண்டும். ‘வொரொகாய்த் பாரத்ஸ்’ நூலின் 521 விதிகளும் மூலத்திலிருந்து நேரே தமிழில் வருவது அதற்கு நல்ல தொடக்கமாக அமையும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுள் ஒன்று அப்பணியை மேற்கொள்ள வேண்டும்.